நிற்கும் காரின் பற்றரிக்குப் பத்து நிமிட இயக்கம் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவு வரையும், மாங்குளத்திலிருந்து மல்லாவி, துணுக்காய் வரையும் வளவுக்குள் கார் நிற்கும் வீடுகள் இன்று பல உள்ளன. அவற்றுட் கணிசமானவை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோ சகோதரர்களோ வாங்கி விட்டுப் போனவை. அவர்கள் விடுமுறையில் வரும்போது ஓடுவதற்காக ஆண்டின் மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நிற்பவை. மிகுதி என்னைப் போன்ற ஓய்வூதியக்காரருடையவை. சந்தைக்கும் வங்கிக்கும் மோட்டார் சைக்கிளே போதுமென்பதால், கோயிற் பொங்கலுக்கும் கலியாண வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் மட்டும் வெளியே எடுக்கப்படுபவை. இந்தக் கார்களுக்கெல்லாம் பொதுவான நோய் ஒன்று உண்டு: தேவைப்படும் நாளிற் பற்றரி படுத்துவிடும். அதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம், கிழமைக்கு ஒரு தடவை காரைப் பத்து நிமிடம் ஸ்ராட் செய்து வைப்பது. அந்த வைத்தியம் நோயைத் தீர்ப்பதில்லை என்பதை, ஏழு ஆண்டுகளில் மூன்று பற்றரிகளை இழந்த பின்னரே நான் அறிந்துகொண்டேன். அதைப் பற்றியே இக்கடிதம்.

கடந்த வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் குடும்பமாகப் புறப்பட்டு, சாமான்களை ஏற்றி, பேரப்பிள்ளைகளையும் ஏற்றிய பிறகு சாவியைத் திருப்பினால், 'டிக், டிக்' என்ற சத்தத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் வழக்கம்போலப் பத்து நிமிடம் இயக்கி, கடமை முடிந்ததென்ற திருப்தியோடு நிறுத்தியிருந்தேன். பற்றரிக்கு வயது பதினான்கு மாதம். அன்று அயலவரின் முச்சக்கர வண்டி இரண்டு தடவை ஓடி எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மறுகிழமை பற்றரியை வாங்கிய கடைக்குக் கொண்டுபோனபோது, ஓடாமல் விட்டதாற் பழுதான பற்றரிக்கு உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். முதலிற் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து ஆறுதலாக யோசித்தபோது, முப்பது ஆண்டுகள் பௌதிகவியல் படிப்பித்தவன் ஒரு சின்னக் கழித்தல் கணக்கைச் செய்யாமல் விட்டேனே என்ற வெட்கம்தான் மிஞ்சியது.

அந்தக் கணக்கு இதுதான். காரை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டாலும் மின்னோட்டம் முற்றாக நின்றுவிடுவதில்லை. மணிக்கூடு, கதவுப் பூட்டின் தொலைக்கட்டுப்பாடு, அலாரம், இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியின் நினைவகம் என்பன இரவு பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பழுதில்லாத காரில் இது 20 முதல் 50 மில்லி அம்பியர் வரை இருக்கலாம். 30 மில்லி அம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், கிழமையொன்றுக்கு 168 மணித்தியாலங்கள் என்பதால், ஏறத்தாழ 5 அம்பியர் மணி (ஓர் அம்பியர் மின்னோட்டம் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஓர் அம்பியர் மணி) செலவாகிறது. சிறிய கார்களில் உள்ள பற்றரியின் கொள்ளளவு 35 அம்பியர் மணியளவுதான். ஆகவே ஒரு கிழமையில் ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது. இனி வரவைப் பார்ப்போம். இயந்திரம் மெதுவாகச் சுற்றும்போது ஓல்ற்றனேற்றர் (இயந்திரத்தாற் சுழன்று மின் பிறப்பிக்கும் கருவி) தருவதில் ஒரு பகுதியை எரிபொருட் பம்பியும் குளிரூட்டும் விசிறியும் எரிபற்றலும் எடுத்துக்கொள்கின்றன. பற்றரிக்கு 10 அம்பியர் கிடைக்கிறதென்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும், பத்து நிமிடத்துக்கு ஒன்றரை அம்பியர் மணியைச் சிறிது தாண்டும். ஐந்தைக் கொடுத்து ஒன்றரையை வாங்கும் வியாபாரம் எத்தனை கிழமைக்கு ஓடும்?

ஸ்ராட் செய்வதுதான் பற்றரியைத் தின்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஸ்ராட்டர் மோட்டார் 150 அம்பியரை இழுத்தாலும் இரண்டு வினாடிதான் இழுக்கிறது, அது 0.1 அம்பியர் மணிக்கும் குறைவு. கள்வன் பெரிய கையுடன் ஒரு தடவை வருபவனல்லன், சின்னக் கையுடன் நாள் முழுவதும் நிற்பவன்.

பற்றரி குறைந்த நிலையிற் கிடப்பது ஏன் கெடுதல் என்பதற்கு அதன் உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டும். 1859ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த பிளாந்தே அமைத்த ஈய அமிலக் கலத்தின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. ஈயத் தகடும் ஈயவீரொட்சைட்டுத் தகடும் ஐதான சல்பூரிக் அமிலத்தில் நிற்கின்றன. மின் வெளியேறும்போது இரண்டின் மேலும் ஈயசல்பேற்று படிகிறது. மின்னேற்றும்போது அந்தப் படிவு மீண்டும் கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. புதிதாகப் படிந்த சல்பேற்று மிக நுண்ணிய பளிங்குகளாக இருப்பதால் இலகுவிற் கரையும். கிழமைக் கணக்கில் அப்படியே விட்டால் அந்தப் பளிங்குகள் ஒன்றுசேர்ந்து பருத்து, கேத்தலின் அடியிற் பிடிக்கும் கல்லைப்போல இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் அவை முழுவதும் கரைவதில்லை. தகட்டின் அந்தப் பகுதி இறந்த பகுதி. ஒவ்வொரு கிழமையும் அரைகுறையாக நிரப்பப்படும் பற்றரி, கார் ஸ்ராட்டாகிக்கொண்டிருப்பதால் நல்லதுபோலத் தோன்றி, உள்ளே ஒவ்வொரு கிழமையும் சிறிது சிறிதாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது. போதாக்குறைக்கு, நிரப்பும்போது கடைசி ஐந்தில் ஒரு பங்கு மிக மெதுவாகவே ஏறும். அதற்குப் பல மணித்தியாலங்கள் வேண்டும். கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரை ஓடிப்போய் வந்தாற்கூடக் குறைந்துபோன பற்றரி முழுதாக நிரம்பிவிட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் கொட்டகைக்குள் நின்று இரைவதைவிட அது எவ்வளவோ மேல். பத்து நிமிட இயக்கத்தில் இயந்திரமும் சரியாகச் சூடேறுவதில்லை. புகைக்குழாயிலும் எண்ணெயிலும் ஈரம் தங்குவதுதான் மிச்சம்.

ஆகவே வாசகர்களிடம் நான் கேட்பது, காரை இயக்கிப் பார்ப்பதற்கு முன் பற்றரியை அளந்து பாருங்கள் என்பதே. மின்சாதனக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், வோல்ற்றையும் அம்பியரையும் அளக்கும் சாதாரண மல்ரிமீற்றர் ஒன்றே இதற்குப் போதும். முதல்நாள் மாலையிலிருந்து கார் ஓடாமல் நிற்க, காலையில் பொனற்றைத் திறந்து இரு முனைகளுக்குக் குறுக்கே அளந்தால், 12.6 வோல்ற் அல்லது சிறிது கூடுதலாகக் காட்டும் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்காற்பங்கு, 12.2 என்றால் அரைப்பங்கு, 12.0 என்றால் காற்பங்குதான் இருக்கிறது. பன்னிரண்டு என்று பெயர்பெற்ற பற்றரி பன்னிரண்டு வோல்ற் காட்டினால் நல்லதென்று எண்ணிவிடக் கூடாது. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். 12.4க்குக் கீழே இறங்கினால் அன்றே மின்னேற்ற வேண்டும். இயந்திரம் ஓடும்போது அதே முனைகளில் 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்ட வேண்டும். அதைவிடக் குறைந்தால், குற்றம் ஓல்ற்றனேற்றரிலோ அதன் பட்டியிலோ இருக்கலாம். சில புதிய கார்களில் மட்டும் கணினியே இதைக் கூட்டிக் குறைக்கும்.

எங்கள் வெய்யிலையும் இந்தக் கணக்கிற் சேர்க்க வேண்டும். எதையும் இணைக்காமல் வைத்தாலும் பற்றரி தானாக மின்னை இழக்கும். வெப்பநிலை பத்துப் பாகை கூடும்போது அந்த இழப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. தகட்டின் அரிப்பும் அப்படியே விரைவாகிறது. கனடாவிலிருந்து என் மருமகன், பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் சூடான இடத்தில் வைக்கும்படி தொலைபேசியில் ஆலோசனை சொன்னார். அவருடைய ஊருக்கு அது சரி. குளிர் பற்றரியை ஒரு காலையிற் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதன் ஆயுளைத் தின்பது வெப்பம். ஆனி, ஆடியில் சோளகம் வீசும்போது தகரக் கொட்டகைக்குள் நிற்கும் காரின் பொனற்றுக்குள் கை வைக்க முடியாது. நான் தகரத்தைக் கழற்றிவிட்டுக் கிடுகு போட்டேன், பார்த்தவர்கள் சிரித்தார்கள். எலி வருமென்ற அவர்களது எச்சரிக்கை மட்டும் பலித்தது.

என் மூன்றாவது பற்றரியைக் கொன்றது வெய்யிலுமன்று. வாங்கிய நான்காவதும் பத்து நாளிற் படுத்தபோதுதான் உறிஞ்சும் மின்னோட்டத்தை அளந்தேன். மறைமுனையின் (கழித்தல் அடையாளமுள்ள முனையின்) கம்பியைக் கழற்றி, அந்தக் கம்பிக்கும் முனைக்கும் இடையில் மல்ரிமீற்றரை 10 அம்பியர் துவாரத்தில் தொடராக இணைக்க வேண்டும். கதவுகளைப் பூட்டிவிட்டு, காரின் கணினிகள் உறங்குவதற்கு அரை மணித்தியாலமாவது காத்திருந்த பின்பே வாசிக்க வேண்டும். மீற்றர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீற்றரின் உருகி (பியூஸ்) போய்விடும். எனக்கு 0.19 அம்பியர் காட்டியது. நாளொன்றுக்கு நாலரை அம்பியர் மணி! எட்டு நாளிற் பற்றரி வெறுமையாகும் அளவு. உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது, முன்கண்ணாடியிற் பொருத்திய கமராவின் உருகியை எடுத்ததும் அது 0.03க்கு இறங்கியது. சாவியோடு அணைய வேண்டிய கமராவை, பூட்டிக் கொடுத்தவர்கள் எப்போதும் மின் வரும் கம்பியில் இணைத்திருந்தார்கள். மேலதிக அலாரம், வாகனம் நிற்கும் இடத்தைக் காட்டும் கருவி, பெரிய ரேடியோ எதையாவது பின்னர் பூட்டியவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமற் புதிய பற்றரிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஒரு மாதத்துக்கு மேல் கார் நிற்கப்போகிறதென்று தெரிந்தால், மலிவான வழி மறைமுனையைக் கழற்றி வைப்பதுதான். 10 மில்லிமீற்றர் ஸ்பனர் ஒன்றே பெரும்பாலும் போதும். மறைமுனையை முதலிற் கழற்ற வேண்டும், பூட்டும்போது அதைக் கடைசியிற் பூட்ட வேண்டும். நேர்முனையை முதலிற் கழற்றும்போது ஸ்பனர் காரின் உடலிற் பட்டாற் பொறி பறக்கும். மணிக்கூடும் ரேடியோ அலைவரிசைகளும் அழியும். சில ரேடியோக்கள் இரகசிய எண் கேட்கும். யன்னற் கண்ணாடிகளுக்கு மறுபடி 'பாடம்' சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். பொத்தான் சாவியுள்ள கார்களில், அதற்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியாற் கதவு திறக்கிறதா என்று முதலிற் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றி வைத்த பற்றரியும் தானாக இழக்கும் என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது அளந்து மின்னேற்ற வேண்டும்.

மின்னேற்றுவதற்கு, நிறைந்ததும் தானாகவே 13.5 வோல்ற் அளவுக்கு இறங்கிக் காவல் நிற்கும் சார்ஜர்கள் இப்போது கிடைக்கின்றன. நிற்கும் காருக்கு அதைவிட நல்ல துணை இல்லை. பழைய வகைச் சார்ஜர் என்றால், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 35 அம்பியர் மணிப் பற்றரிக்கு மூன்றரை அம்பியர் என்ற கணக்கில், இரவு முழுவதும் மெதுவாக ஏற்றுவது நல்லது. அவசரத்துக்கு ஒரு மணித்தியாலத்தில் ஏற்றித் தருபவர்களிடம் கொடுத்தால் அமிலம் கொதித்துத் தகட்டின் பசை உதிரும். ஏற்றும்போது ஐதரசன் வாயு வெளிவரும். காற்றோட்டமான இடத்தில், விளக்கோ சுருட்டோ அருகில் இல்லாமற் செய்ய வேண்டும். கொட்டகையில் மின்சாரம் இல்லாதவர்கள், கூரையின் மேல் 10 அல்லது 20 வாற் சூரியத் தகடொன்றை வைத்து, மின்னேற்றக் கட்டுப்படுத்தியின் ஊடாகப் பற்றரியோடு நேரடியாக இணைக்கலாம். வெய்யில் எங்களுக்குச் செய்யும் தீங்குக்கு அது ஒரு சிறு நட்டஈடு. சிகரெற் லைற்றர் துவாரத்தின் ஊடாக இணைத்தாற் பல கார்களில் ஒன்றும் ஏறாது, ஏனெனில் சாவியை எடுத்ததும் அந்தத் துவாரம் செத்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு பழைய நினைவைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், வன்னிக்குள் வரமுடியாத பொருள்களுட் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிற் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. ஒரு கார்ப் பற்றரி வீட்டில் இருந்தால் அதன் ஆறு கலங்களிலும் அமிலத்தின் அடர்த்தியை நீர்மானியால் அளந்து, கிட்டத்தட்ட 1.26 இருக்கிறதா என்று பார்த்து, காய்ச்சி வடித்த நீருக்காக அலைந்து திரிந்தோம். மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. பற்றரி சோர்ந்தாற் கைபிடியைச் செருகிச் சுற்றினால் இயந்திரம் எழும்பும். இன்றைய கார்களிற் கைபிடிக்குத் துவாரமும் இல்லை. பெரும்பாலானவை தானியங்கிக் கியர் என்பதால் நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் ஸ்ராட்டாகாது.

அதனால்தான் பற்றரி படுத்தவுடன் அயலிலுள்ள எந்த வாகனத்தையும் பக்கத்திற் கொண்டுவந்து கம்பி போடுகிறார்கள். உழவு இயந்திரத்தின் பற்றரி 12 வோல்ற். அதன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதிலிருந்து எடுப்பதில் ஆபத்துக் குறைவு. பெரிய லொறிகளிலும் பேருந்துகளிலும் இரண்டு பற்றரிகள் தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ற் இருக்கும். அந்த இணைப்பிலிருந்து காருக்குக் கொடுத்தாற் கணினிகள் ஒரு நொடியிற் கருகிவிடக்கூடும். நேர்முனையோடு நேர்முனையை முதலில் இணைத்து, கடைசிக் கவ்வியைப் படுத்த பற்றரியின் மறைமுனையில் வைக்காமல், அதிலிருந்து தள்ளி இயந்திரத்தின் வெற்று உலோகத்திற் பிடிக்க வேண்டும். பற்றரிக்கு மேலே நிற்கும் ஐதரசனிற் பொறி பட்டால் அது வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள், பெரிய பற்றரி இருக்கும்போது சின்னதைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கிறார்கள். அந்தப் பெரிய பற்றரியின் ஆளியை மூடி மின்னை ஓடவிடுவதே, பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும் 12 வோல்ற் பற்றரிதான். அது செத்தால் 'ரெடி' வெளிச்சம் வராது. இவ்வகைக் காரை 'ரெடி' நிலையில் ஒரு மணித்தியாலம் விட்டால் பெரியது சிறியதற்கு மின்னேற்றும்; வெறுமனே ரேடியோ பாடும் நிலையில் விட்டாற் சிறியது வடியும். பிரியஸின் பின்கதவு மின்சாரத்தாலேயே திறக்கும். ஆகவே பற்றரியைக் கழற்றிவிட்டு அந்தக் கதவை அடித்து மூடினால், பின் இருக்கைக்கு மேலாக ஊர்ந்து போய்த் திறக்க வேண்டிவரும். இந்தப் பற்றரி பயணிகள் இருக்கும் அறைக்குள் இருந்தால், மாற்றும்போது வாயுவை வெளியேற்றும் குழாய் உள்ள வகையையே போட வேண்டும்.

சில்லறை விடயங்கள் சில. மூடி திறக்கக்கூடிய பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே விட வேண்டும். கிணற்றுநீரில் உள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும், அமிலம் விடுவது அதைவிடக் கேடு. முனைகளிற் பூக்கும் வெண்பச்சைத் தூளை, சுடுநீரிற் கரைத்த அப்பச்சோடாவாற் கழுவி, உலர்த்தி, வசிலின் பூசினால் நெடுநாளைக்கு வராது. சீமெந்துத் தரையில் வைத்தாற் பற்றரி இறங்கிவிடும் என்பது மரப்பெட்டிப் பற்றரிகளின் காலத்துக் கதை. இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு அது பொருந்தாது. ஆயினும் நான் பலகையில்தான் வைக்கிறேன், பழக்கம் விடவில்லை.

இறுதியாக எங்கள் பகுதிப் பற்றரிக் கடைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். கடைத் தட்டிற் கிடக்கும் பற்றரியும் நிற்கும் காரின் பற்றரியும் ஒன்றுதான். ஆறு மாதம் வெப்பத்திற் கிடந்தது புதியதன்று. விற்கும்போது வாடிக்கையாளருக்கு முன்னால் வோல்ற்றளவை அளந்து, அதையும் உற்பத்தித் திகதியையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள், 12.5க்குக் குறைந்தால் ஏற்றிவிட்டுக் கொடுங்கள். உத்தரவாதத்துக்காகத் திரும்பி வருவதையும் ஓர் இரவு மெதுவாக மின்னேற்றிப் பார்த்த பின்னரே செத்தது என்று தீர்ப்புச் சொல்லுங்கள். என்னுடைய மூன்றாவது பற்றரியை அப்படி எவரும் பார்க்கவில்லை. பழைய ஈயத்தின் விலைக்கு அதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
கிளிநொச்சி.